நிழல், செட்டை, போர்வை: விளக்கம் வேண்டும்

ஸ்தோத்திரம். மும்பை தாராவியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஐக்கியத்தில் தேவனுடைய நிழலைப் பற்றிப் பேச வேண்டும். சங்கீதம் 91, 121:5, ஏசாயா 32:2 எடுத்து வைத்திருக்கிறேன். மே மாத மதியத்தில் தகரக் கூரைமேல் ஈரச்சாக்கு போட்டுவிட்டு தையல் மிஷின் மிதிக்கிறவர்கள் நாங்கள். கன்மலையின் நிழல் எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சந்தேகம் வேதாகமத்தின் ரூத் புத்தகத்தில்தான். 2:12-ல் தேவனுடைய 'செட்டைகளின்' (சிறகுகளின்) கீழ் அடைக்கலமாய் வந்தவள் என்று ரூத்தை வாழ்த்துகிறார் வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ்; 3:9-ல் உம்முடைய 'போர்வையை' என்மேல் விரியும் என்று அவரிடம் கேட்கிறாள் ரூத். எபிரெயத்தில் இரண்டும் 'கானாஃப்' என்ற ஒரே சொல். போவாஸ் வாழ்த்தின வாழ்த்தையே அவரிடம் திருப்பிக் கேட்கிறாள் ரூத்! நினைக்கும்போதே நெஞ்சு நிறைகிறது. வாசிக்கத் தெரியாத அம்மாமார்களுக்கு இதை எளிமையாய் எப்படிச் சொல்வது? எபிரெயம் படித்த போதகர்கள், அண்ணன்மார், அக்காமார் யாராவது சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். தேவன் யோனாவுக்கு நிழலாக முளைக்கப்பண்ணின ஆமணக்குச் செடியையும் இதோடு சேர்க்கலாமா?