புது திரெட்டில மட்டும் திரெட்-லோக்கல் மாறியள் இடம்மாறி நிக்குது (எக்ஸ்86-64, லினக்ஸ்)

கேள்வி – கோண்டாவில்

சொந்தமா ஒரு திரெட் லைப்ரரி எழுதுறன். திரெட்-லோக்கல் மாறியள் (ஒவ்வொரு திரெட்டுக்கும் தனிப் பிரதி இருக்கிற மாறியள்) 11, எல்லாம் 8 பைட் லோங். முதல் ரெண்டுக்கும் தொடக்கப் பெறுமானம் 7, 9, மிச்சம் பூச்சியம். கேஷ் லைனுக்காக முதலாவதுக்கு அலைன்அஸ்(64) (64 இன்ர மடங்கான விலாசத்தில வை எண்டது) போட்டாப் பிறகுதான் கரைச்சல். மெயின் திரெட்டில எல்லாம் சரி. புது திரெட்டில முதல் மாறியில குப்பை, ஆறாவதில 7 நிக்குது! திரெட் முடிய ஃப்ரீ பண்ணேக்க அபோர்ட்.

ரீட்எல்ஃப் (பைனரியின்ர அமைப்பைக் காட்டுற கருவி) இந்த மாறியளின்ர செக்மென்டுக்குக் காட்டுறது: மெம்சைஸ் (நினைவகத்தில எடுக்கிற அளவு) 88, ஃபைல்சைஸ் (ஃபைலில இருக்கிற தொடக்கப் பெறுமானங்களின்ர அளவு) 16, அலைன் 64. நான் மல்லொக்கில 88 + டிசிபி (திரெட்டின்ர விவரங்கள் வைக்கிற இடம்) எடுத்து, தொடக்கத்தில 16 பைட் கொப்பி பண்ணி, மிச்சத்தைப் பூச்சியமாக்கி, திரெட் பொயின்டரை தொடக்கம் + 88 இல வைக்கிறன்.

பதில் – சுன்னாகம்

ஆறாவதில 7 எண்டதிலயே விடை இருக்கு, தம்பி. அஞ்சு மாறி தள்ளி, அதாவது 40 பைட்.

லிங்கர் 88 ஐ அப்பிடியே எடுக்காது. 64 இன்ர அடுத்த மடங்கு 128. முதல் மாறியை எஃப்எஸ் (திரெட் பொயின்டரை வைச்சிருக்கிற ரெஜிஸ்டர்) இலிருந்து -128 எண்டு கட்டளைக்குள்ளயே எழுதிப்போட்டுது. நீங்கள் கொண்டுபோய் வைச்சது -88 இல. கதியாலை 40 பைட் தள்ளி நட்டால் பக்கத்து வளவுக்காரன் சும்மா இருப்பானோ? உங்கட அஞ்சாவது மாறி விழுறது தொடக்கத்துக்கு 8 பைட் முன்னால, மல்லொக் துண்டின்ர அளவைக் குறிச்சு வைக்கிற இடத்தில. அதில எழுதினால் ஃப்ரீ அபோர்ட் ஆகத்தான் செய்யும். அலைன்அஸ் போட முந்தி அலைன் 8; 88 அதின்ர மடங்கு எண்டபடியால்தான் அப்ப ஓடினது.

மல்லொக் தாற விலாசம் 16 இன்ர மடங்கா இருக்கும் எண்டதுக்குத்தான் உத்தரவாதம், 64 க்கு இல்லை. அதால 128 + டிசிபி + 63 எடுங்கோ.

பொயின்டர் = (தொடக்கம் + 128 + 63) & ~63

கொப்பி பண்ணுறது பொயின்டர் - 128 இல. எஃப்எஸ்:0 இல பொயின்டரின்ர சொந்த விலாசம் இருக்கோணும். ஃப்ரீக்குக் குடுக்கிறது மல்லொக் தந்த பழைய விலாசத்தை. அதை டிசிபிக்குள்ள வைச்சிருங்கோ.

கோண்டாவில்

சரிவந்திட்டுது அண்ணை, ஃப்ரீயும் ஒழுங்கா ஓடுது. ஏஆர்ம் 64 க்கும் இதே கணக்கோ?

பதில் – பருத்தித்துறை

இல்லை, அங்க மாறியள் இருக்கிற பிளொக் திரெட் பொயின்டருக்கு மேல. முதல் 16 பைட் டிசிபி, பிறகு அலைனுக்கு உயர்த்தோணும்: அலைன் 64 எண்டால் பிளொக் +64 இல தொடங்கும். +16 இல வைச்சால் திரும்பவும் இதே கூத்து.

இன்னொண்டு. செக்மென்டின்ர விஅட்ரஸ் (பைனரியில அதுக்குக் குறிச்ச விலாசம்) அலைனின்ர மடங்கா இல்லாத பைனரியும் வரும், அப்ப மேல சொன்ன வெறும் 128 பிழைச்சுப்போகும். எக்ஸ்86-64 க்கு 128 க்குப் பதிலா இதைப் போடுங்கோ:

மெம்சைஸ் + ((-மெம்சைஸ் - விஅட்ரஸ்) & (அலைன் - 1))

அலைன் 0 எண்டு வந்தால் முதல்ல 1 ஆக்குங்கோ. இல்லாட்டி 0 - 1 எல்லா பிட்டையும் ஒண்டாக்கி, மாஸ்க்கே இல்லாத மாதிரி ஆகிவிடும்.