பொருள்: 'கல்லிங்' – களையெடுப்பா, கழிப்பா?

மடல் 1

குழுவினர்க்கு வணக்கம்.

பிரிட்டனில் சிவப்பு மான் வளர்க்கும் பண்ணைகளுக்கான கையேடு ஒன்றின் தமிழாக்கம் பாதியில் நிற்கிறது. நிறுத்திய சொல் 'கல்லிங்': மந்தைக்கு வேண்டாத விலங்குகளைத் தெரிந்தெடுத்து நீக்குவது, பெரும்பாலும் கொல்வது. ஒலிபெயர்த்து விட்டால் மானைக் கல்லால் அடிப்பதாக வாசகர் எண்ணிக்கொள்வார்.

இடம் இதுதான்: ஈனாத பிணைகள் (பெண் மான்கள்), பல் தேய்ந்த கிழட்டுப் பிணைகள், எடை ஏறாத இளங்கலைகள் (இளம் ஆண் மான்கள்) ஆகியவற்றின் காதுவில்லை எண்களை முதலில் பட்டியலிடுகிறார்கள். அவற்றைச் சிறு பட்டியில் பிரித்து, வழக்கமான தீவன நேரத்தில் 40–50 கஜத் தொலைவிலிருந்து தலையில் சுடுகிறார்கள். துப்பாக்கி, பழைய படைக்கலமான .303 லீ-என்ஃபீல்டு 4ஆம் எண். நம் ஊரில் 'த்ரீ நாட் த்ரீ' என்றால் தெரியும்.

'களையெடுப்பு' என்று வைக்க நினைக்கிறேன். குறள் 550 துணை நிற்கிறது: பைங்கூழ் களைகட்டதனொடு நேர். மாற்றுக் கருத்து உண்டா? தோட்டா, குண்டு சார்ந்த சொற்களிலும் உதவி தேவை.

மடல் 2

> 'களையெடுப்பு' என்று வைக்க நினைக்கிறேன்

குறளைச் சரியாகத்தான் எடுத்தீர்கள், ஆனால் அது உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அங்கே களை என்பது கொலையிற் கொடியார். பயிருக்குக் கேடு செய்வதால்தான் அது களை. ஈனாத பிணை யாருக்கு என்ன கேடு செய்தது? அடுத்த குளிர்காலத் தீவனத்துக்குக் கணக்கு உதைக்கிறது, அவ்வளவுதான். குற்றமற்றதைக் குற்றவாளியாக்கும் சொல் கையேட்டுக்கு ஆகாது. போதாக்குறைக்கு 'களையெடுப்பு' இன்று கட்சியிலிருந்து ஆளை நீக்குவதற்கும் இயக்கங்களின் உட்கொலைகளுக்கும் போய்விட்டது. 'களைகட்டு' என்றாலோ திருவிழா!

மூலச்சொல்லையும் பார்க்கலாம். இலத்தீனில் 'கொல்லிகெரே' என்றால் திரட்டு, பொறுக்கு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'பொறுக்கியெடுத்தல்' என்ற பொருளே இருந்தது. கொல்வது பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆகவே சொல்லின் உயிர் தெரிவில் இருக்கிறது, சாவில் இல்லை. 'பொறுக்கல்' நேரான தமிழ்தான், ஆனால் அதைச் செய்பவரை என்னவென்று அழைப்பீர்கள்?

'வேட்டை' வேண்டவே வேண்டாம். வேட்டையில் விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு உண்டு. இங்கே அந்த வாய்ப்பு இருந்தாலே வேலை கெட்டது என்று பொருள்.

மடல் 3

கால்நடைப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

மந்தையில் வேண்டாததை 'கழித்து விடுவது' என்றுதான் சொல்கிறோம். கழித்த மாட்டை விற்கலாம், அறுப்புக்கு அனுப்பலாம், தனியே வைத்தும் பேணலாம். கழிப்பது ஒரு முடிவு, கொல்வது வேறொரு செயல். மூலநூல் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் தமிழும் அப்படியே அடக்க வேண்டுமா? இரண்டு சொல் வைத்தால் கையேடு தெளிவாகும்.

முதல் செயலுக்கு கழிப்பு. இது களத்தில் நடப்பதே இல்லை. கொட்டிலில், பதிவேட்டை வைத்துக்கொண்டு செய்வது. சினைச் சோதனை முடிவு, பல், எடை, கால், மடி பார்த்து எண்களை முந்தைய நாளே முடிவு செய்துவிட வேண்டும். துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு எதைக் கழிக்கலாம் என்று தேடினால் வசதியாக நிற்பதுதான் சாகும், கழிய வேண்டியது நிற்காது. பிணை பட்டியலில் இருந்து மறி இன்னும் அதைச் சார்ந்திருந்தால், பிரிக்கும்வரை தள்ளிவையுங்கள். தள்ள முடியாது, இரண்டும் போக வேண்டும் என்றால் மறி முதலில், தாய் உடனே பின்னால்.

(ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி. தொல்காப்பிய மரபியலே மானினத்துக்கு வகுத்துத் தந்த சொற்கள் இவை. இத்தனை நாள் 'கலைச்சொல்' என்று சொல்லிவிட்டுக் கலையை மறந்திருந்தோம்.)

இரண்டாம் செயல் கொலை. இதில் வரிசை முக்கியம். பக்கவாட்டில் என்றால் கண்ணுக்கும் காதடிக்கும் நடுவில் குறி. நேர் எதிரே என்றால் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் காதடிக்கு ஒரு கோடு இழுத்து, இரண்டும் வெட்டும் இடம். மான் தீவனத்திலிருந்து தலை தூக்கி அசையாமல் நிற்கும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். விழுந்ததும் அணுகி, மூச்சின் ஓட்டம் இல்லை, விழிவெண்படலத்தைத் தொட்டால் இமை அசையவில்லை என்று உறுதி செய்த பிறகே கத்தி. கழுத்தை மேலோட்டமாகக் கீறுவதைவிட, மார்பெலும்பின் முன்முனை வழியாக இதயத்தை ஒட்டிய பெருங்குழாய்களை அறுத்தால் குருதி வேகமாக வடியும். தாமதித்தால் இறைச்சியில் தங்கும்.

ஒரு தடவைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். மிச்ச மான்கள் பட்டிக்குள் ஓடத் தொடங்கினால் அன்று நிறுத்திவிட வேண்டும். ஓடிக் களைத்த தசையில் கிளைக்கோஜன் (தசை சேமித்து வைக்கும் சர்க்கரை) தீர்ந்துவிடும். பிறகு லாக்டிக் அமிலம் ஊறாது, இறைச்சியின் அமிலநிலை எண் 5.4–5.8க்கு இறங்காமல் 6க்கு மேலேயே நின்றுவிடும். கறுத்து, இறுகி, ஒட்டும் தன்மையோடு சீக்கிரம் கெடும். பண்ணையில் சுடுவதற்கே நியாயம், லாரியிலும் அறுப்புக் கூடத்திலும் மான் மிரளாமல் இருப்பதுதான். அதையும் கெடுத்துக்கொண்டால் என்ன மிச்சம்?

இதற்குப் பெயர்: 'வதை' என்றால் கொடுமை, 'கொலை' என்றால் வழக்கு, 'அறுப்பு' என்றால் கத்தி மட்டும். சுடுவதும் அறுப்பதும் அடுத்தடுத்து நடப்பதால் சுட்டறுப்பு என்கிறேன்.

மடல் 4

> சுட்டறுப்பு

சுட்டு, அதாவது தணலில் வாட்டி, பிறகு அறுப்பது போல் ஒலிக்கிறது. இருந்தாலும் இதைவிட நல்லது எனக்குத் தோன்றவில்லை, வைத்துக்கொள்ளலாம். நான் எழுத வந்தது துப்பாக்கிப் பகுதி பற்றி. அங்கேதான் தவறான சொல் உயிருக்கே உலை வைக்கும்.

*தோட்டா.* தமிழ்நாட்டு வழக்கில் பித்தளைக் கூடும் முன்னே பறக்கும் உலோகமும் இரண்டுமே தோட்டா. கையேட்டில் இது செல்லாது. ஈழ வழக்கு நல்ல வழி காட்டுகிறது: முழுதாக இருப்பது ரவை, பறப்பது சன்னம், ரவைகளை வைப்பது ரவைக்கூடு. இதையே பின்பற்றலாம். வெற்றுப் பித்தளைக்கு 'கோது' போதும்.

*சன்னத்தின் வகை.* படைக்கு வந்த 7ஆம் மார்க் ரவை 1910இல் ஏற்கப்பட்டது. சன்னம் 174 கிரெயின் (ஏறத்தாழ 11.3 கிராம்), குழல்வாய் வேகம் விநாடிக்கு 2440 அடி. அதன் உறை முனையை முழுதும் மூடியிருக்கும். முனைக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியம் போன்ற எடை குறைந்த பொருள் இருப்பதால் பின்பாரம் அதிகம். உடலுக்குள் நுழைந்ததும் புரண்டு திசை மாறும், இல்லையேல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். பட்டியில் பின்னால் இன்னொரு மான் நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எனவே இதை முழுவுறைச் சன்னம் என்றும், முனையில் ஈயம் தெரிந்து பட்டதும் விரிவதை மென்முனைச் சன்னம் என்றும் பிரித்து, முன்னதற்கு நேரே 'கூடாது' என்று எழுதுங்கள். காட்டு மானுக்கான சட்டங்களும் விரியும் சன்னத்தையே கேட்கின்றன. இங்கிலாந்தின் 1991 மான் சட்டத்தில் குறைந்தது .240 அங்குலக் குழல், 1700 அடி-பவுண்டு ஆற்றல். ஸ்காட்லாந்தின் 1985 ஆணையில் பெரிய மான்களுக்கு 2450 அடி வேகம், 1750 அடி-பவுண்டு. படைரவை அந்த வேகத்துக்கு 10 அடி குறைவு, வேடிக்கைதான்! பண்ணை மானுக்கு, கொல்லும்போது விலங்கு நலம் காக்கும் விதிகள் தனி. ஆனாலும் அளவுகோலாக இவை உதவும்.

*.303 என்ற எண்.* இதைச் சன்னத்தின் விட்டம் என்று மொழிபெயர்த்து விடாதீர்கள். அது குழலின் உள்ளே சன்னத்தைச் சுழற்றும் வரிப்பள்ளம் வெட்டுவதற்கு முந்தைய துளையின் அளவு. சன்னம் .311 அங்குலம். 7.62 மி.மீ. ரவைக்கான .308 சன்னத்தை .303 கோதில் அடைத்தால் வரியைப் பிடிக்காமல் வழுக்கும், குறி சிதறும்.

*குறிக்காட்டி.* இந்த இடத்தில் கையேட்டின் ஒரு வரி போதாது, அடிக்குறிப்பே சேர்க்கலாம். 4ஆம் எண்ணின் எளிய பின்காட்டியில் புரட்டிப் போடும் இரண்டு துளைகள், 300 கஜத்துக்கும் 600 கஜத்துக்கும். மனிதன் மேல் சுடப் போட்ட கணக்கு. 300 கஜத் துளையில் வைத்து 50 கஜத்தில் சுட்டால் சன்னம் குறிக்கு 3 அங்குலத்துக்கும் மேலே போகும். மூளையைக் குறிபார்த்தவருக்கு அது காற்றில் போகும், அல்லது கொம்படியில் படும். சிலர் 'கொஞ்சம் கீழே பிடி' என்பார்கள். தலை அசையும்போது அந்தக் கொஞ்சம் தாடையாகிவிடும், தாடை உடைந்த மான் தப்பி ஓடி நாட்கணக்கில் சாகும். சரியான வழி, முன்காட்டி முள்ளை உயரமானதாக மாற்றுவது. முன்முள் உயர்ந்தால் படுமிடம் தாழும். முட்கள் 0.015 அங்குலப் படிகளில் கிடைக்கும். 4ஆம் எண்ணில் ஒரு படிக்கு 50 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் இறங்கும். முன்காட்டிக்கும் பின்காட்டிக்கும் இடைத்தூரம் குறுகிய பழைய 1ஆம் எண்ணில் அதே படி ஒன்றரை அங்குலம் அளவுக்கு இறக்கும். கணக்கை நம்பி மானிடம் போகக் கூடாது. களத்தில் நிற்கப்போகும் அதே தொலைவில், அதே ரவையில் தாளில் சுட்டுப் பார்த்த பிறகே.

*விளிம்புச் சிக்கு.* .303 கோதின் அடியில் விளிம்பு துருத்தியிருக்கும். ரவைக்கூட்டில் மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். பின்னால் அமர்ந்தால் மேலதைத் தள்ளும்போது கீழதும் கொக்கி போட்டு இழுபடும், ரவையைக் குழலின் பின்முனை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தாழ்த்தண்டு பாதியில் நிற்கும். இரண்டாவது சூடு உடனே தேவைப்படும் நேரத்தில் இது நடந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்து கொள்ளும் கூட்டில் பட்டியில் ஐந்து போதும், ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி.

*அடியிடைவெளி.* மூலத்தில் 'ஹெட்ஸ்பேஸ்'. 'தலைவெளி' என்று எழுதினால் சுடுபவரின் தலைக்குமேல் இடம் தேடுவார்கள். தாழ்த்தண்டின் முகத்துக்கும் அறை விளிம்புக்கும் நடுவே கோதின் அடிக்குக் கிடைக்கும் இடம் அது. இது மிகுந்தால் கோது அடிக்குச் சற்று மேலே நீண்டு மெலியும். மறுபடி நிரப்பிச் சுடும்போது அங்கேயே அறுந்து முன்பாதி அறைக்குள் தங்கிவிடும். 4ஆம் எண்ணில் தாழ்த்தலைகளுக்கு 0, 1, 2, 3 என எண் இருக்கிறது. எண் ஏற ஏற நீளம் கூடும், இடைவெளி குறையும். கருவிச் சரிபார்ப்பாளர் அளவுமானி வைத்துத் தேர்வு செய்யும் வேலை இது, பண்ணைக்காரர் கையால் முயல்வதல்ல.

*பழைய ரவை.* மலிவாகக் கிடைக்கிறதே என்று உபரிப் படைரவையை எடுப்பவர்களுக்கு இரண்டு சொல். சுடுமுள் (விசையை இழுத்ததும் கோதின் அடியைத் தாக்குவது) அடித்தும் சற்று நேரம் கழித்து வெடிப்பது பிந்துவெடி. மான் அதற்குள் தலையைத் திருப்பிவிடும். வெடிக்கவே இல்லையென்றால் நமுத்த ரவை (தீபாவளி வெடி தெரிந்த எல்லாருக்கும் புரியும்). இரண்டையும் அந்தக் கணத்தில் பிரித்தறிய முடியாது. எனவே குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து 30 விநாடி காத்த பிறகே தாழைத் திறக்க வேண்டும். பழைய தீமூட்டியில் (சுடுமுள் பட்டதும் பற்றும் மருந்தில்) பொட்டாசியம் குளோரேட் இருக்கும், எரிந்தபின் குழலில் உப்பாகப் படியும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. அன்றே கொதிநீரை அறைப்பக்கமிருந்து ஊற்றிக் கழுவி, சூடு ஆறுமுன் துடைத்து, பிறகு எண்ணெய்.

மடல் 5

கோழிப்பண்ணைக்காரர்கள் இதைப் படித்தால் 'கழிப்பு' என்றதும் வெள்ளைக் கழிச்சலுக்கு மருந்து தேடுவார்கள். பொதுமக்களோ கழிப்பறை வரை போவார்கள். சொல்லின் உள்ளே தெரிவு இருக்க வேண்டும் என்று மடல் 2 சொன்னதையும் சேர்த்து ஒரு வினைத்தொகை: தெரிகழிப்பு. தெரிந்து கழிப்பது, தெரிவதற்காகக் கழிப்பதல்ல. காட்டில் தொகை பெருகிவிட்டது என்று மொத்தமாகக் குறைப்பதற்கு இதை இழுக்க வேண்டாம், அதற்குத் தொகைக்குறைப்பு தனியே இருக்கட்டும். நோய் வந்து பட்டி முழுதையும் அழிப்பதற்கு இரண்டும் பொருந்தா. அங்கே தெரிவே இல்லை, 'அழிப்பு' என்றே எழுதலாம்.

மடல் 6

களையெடுப்பைக் கைவிட்டேன். சொற்களை வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன், குறை சொல்லுங்கள்:

"தெரிகழிப்புப் பட்டியலில் உள்ள எண்களை முந்தைய நாள் மாலைக்குள் முடிவு செய்க. சுட்டறுப்பு நடக்கும் பட்டியில் சுடும் மேடை உயரத்தில் அமைய வேண்டும், மானுக்குப் பின்னே மண்மேடு இருக்க வேண்டும். அப்போதுதான் சன்னம் கீழ்நோக்கிச் சென்று மண்ணில் புதையும். மென்முனைச் சன்னம் மட்டுமே. ரவைக்கூட்டில் விளிம்புச் சிக்கு இல்லையென்று பட்டிக்கு வருமுன் பார்க்க. சுட்டதும் தாழை இயக்கி அடுத்த ரவையை அறைக்குள் ஏற்றியபடியே மானைப் பார்த்திருக்க. அது அசைவற்றுக் கிடப்பது உறுதியான பின் அறையை வெறுமையாக்கிவிட்டே மேடையிலிருந்து இறங்குக."

ஓரிடம் மட்டும் இன்னும் நெருடுகிறது. பின்னே நிற்கும் மண்மேட்டை மூலம் ஒரே சொல்லில் சொல்கிறது. 'பின்தடுப்பு' என்றால் பலகையோ சுவரோ கூடப் போதும் என்று படுகிறது. கல்லிலோ உறைந்த நிலத்திலோ பட்டால் சன்னம் எகிறும், ஆகவே மண் என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும். 'மண்ணணை' எப்படி?