கணினி 8 மணி என்கிறது, ரூட் ஒன்பதரை மணி இழுக்கிறது: படிவம் 3996 தர மறுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவில் தபால்காரர் வேலையில், சிசிஏ-வாக (நகரத் தபால்காரர் உதவியாளர்) சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. யூனியன் என்.ஏ.எல்.சி. (தபால்காரர்களின் தேசிய சங்கம்).

இந்த வாரம் முழுக்க எனக்குப் புது ரூட். நேற்று காலையில் சூப்பர்வைசர் கணினித் தாளைக் காட்டி, எட்டு மணி நேர வேலைதான், அதற்குள் வந்துவிடு என்றார். அன்றைக்கென்று எல்லா வீட்டுக்கும் கூப்பன் புத்தகம், போதாததற்கு 74 பார்சல். ஓவர்டைம் கேட்க 3996 படிவம் தாருங்கள் என்றேன். உனக்குத் தேவையில்லை என்று தரவில்லை. மதியம் சாப்பிடாமல் ஓடினேன். அப்படியும் ஒன்றரை மணி நேரம் தாமதம். திரும்பியதும் எல்லார் முன்னாலும் திட்டு.

வேலை போய்விடுமோ என்று ராத்திரி தூக்கமே இல்லை. 12 மணி, 60 மணி என்று ஏதோ வரம்பு சொல்கிறார்களே, அது எனக்கும் உண்டா?

பதில் (22 வருடமாகத் தபால் பை சுமக்கிறவர்):
தங்கச்சி, முதல்ல சாப்பாட்டு நேரத்தை விடாதீங்க. அந்த அரை மணியை எப்படியும் கணக்கில் கழிச்சிடுவாங்க. அதுல நீங்க உழைச்சா சம்பளமில்லாத உழைப்பு. போதாததுக்கு, நீங்க பட்டினியா ஓடி முடிச்ச நேரத்தைக் காட்டியே நாளைக்கு இன்னொரு சிசிஏ-வை ஓடச் சொல்வாங்க. நானும் புதுசில அப்படி ஓடினவன், முழங்கால் இன்னும் சொல்லிக் காட்டுது.

படிவத்தை மறுக்க அவருக்கு உரிமையே இல்லை. எம்-41-னு தபால்காரர் வேலை விதிகளுக்கான கையேடு இருக்கு, அதுல 122.33-ஐப் பாருங்க. காரணத்தை வாயால சொல்லிட்டுக் கேட்டா 3996-ஐ மறுக்கக் கூடாது, எழுதினதுக்கு நகல் கேட்டாலும் தரணும். நேரத்தைத் தர்றதும் தராததும் அவர் முடிவு. காகிதம் அப்படி இல்லை.

கடைசித் தபால் கைக்கு வந்ததுமே சொல்லிடுங்க, தெருவுக்குப் போன பிறகு நினைவு வந்து பிரயோசனமில்லை. "தபால் அதிகம்" என்று மட்டும் எழுதாதீங்க. நான் எழுதுறது இப்படி: "கூப்பன் புத்தகம் முழு ரூட்டுக்கும், பார்சல் 74, ரூட் புதிது, 1 மணி 30 நிமிடம் தேவை."

மறுத்தா வாக்குவாதம் வேண்டாம். "எட்டு மணி ஆனதும் மீதியைத் திருப்பிக் கொண்டு வரவா, முடிச்சிட்டு வரவா?" என்று கேளுங்க. சொன்னதைச் செய்யுங்க. கொண்டு வந்தா படிவம் 1571-ல மீதித் தபாலை எழுதிக் கொடுங்க. ஒரு கடிதத்தைக்கூட வண்டியிலேயே விட்டுட்டு வராதீங்க, வேலை போறது அதுலதான்.

பதில் (ஸ்டூவர்ட், அதாவது யூனியன் பிரதிநிதி):
அண்ணன் சொன்னதெல்லாம் சரி. கணினித் தாளைப் பற்றி மட்டும் ஒன்று. அந்த மதிப்பீட்டை மட்டும் வைத்துத் தபால்காரர் கிளம்பும் நேரத்தையோ திரும்பும் நேரத்தையோ முடிவு செய்ய முடியாது என்று 2007-லேயே யூனியனுக்கும் நிர்வாகத்துக்கும் உடன்பாடு ஆகிவிட்டது.

கிரீவன்ஸ் (யூனியன் வழியாக முறைப்படி புகார்) போட நேற்றிலிருந்து 14 நாள்தான் அவகாசம் (யூனியன் ஒப்பந்தம், பிரிவு 15). அதற்குள் சூப்பர்வைசரிடம் முதல் கட்டப் பேச்சு நடந்தாக வேண்டும். உங்கள் ஸ்டூவர்டைப் பணி நேரத்திலேயே பார்க்கக் கேளுங்கள், பிரிவு 17 அதற்குத்தான் இருக்கிறது. ஐந்து மாதம் என்கிறீர்கள். தகுதிகாண் காலம் 90 வேலை நாள் அல்லது 120 காலண்டர் நாள், எது முதலில் வருகிறதோ அது. உங்களுக்கு அது முடிந்துவிட்டது. இனித் தண்டிக்க வேண்டுமானால் நியாயமான காரணம் காட்டியாக வேண்டும்.

வாரம் 60 மணி வரம்பு முழுநேரக்காரர்களுக்கு. சிசிஏ-வுக்கு இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு 12 மணி வரம்பு உங்களுக்கும் உண்டு. அதில் சாப்பாட்டு நேரமும் சேர்த்தி என்பதால் வேலை பதினொன்றரை மணியைத் தாண்டக் கூடாது. ஒரு நாளில் 10 மணிக்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம், டிசம்பர் நெரிசல் வாரங்கள் நீங்கலாக. சம்பளச் சீட்டில் வந்திருக்கிறதா பாருங்கள்.

கேட்டவர்:
இன்று 122.33-ஐச் சீட்டில் எழுதிக் கொண்டுபோனேன். கை நடுங்கியது, ஆனாலும் கேட்டேன். எங்கள் ஸ்டூவர்ட் வந்து நின்றதும் படிவம் வந்தது. ஒன்றரை மணி கேட்டதில் சூப்பர்வைசர் 45 நிமிடம் கொடுத்து, மீதியைக் கொண்டு வா என்றார். கொண்டு வந்தேன், ஒரு டப்பா தபால். 1571-உம் எழுதிவிட்டேன். மதியம் வண்டியை நிழலில் நிறுத்தி, தயிர்சாதத்தை முழுசாகச் சாப்பிட்டேன். இரண்டு நகலும் டிபன் பையில் இருக்கின்றன. நேற்றைய நாளுக்குக் கையில் காகிதம் எதுவும் இல்லையே, கிரீவன்ஸ் நிற்குமா?

பதில் (ஸ்டூவர்ட்):
நிற்கும். எத்தனை மணிக்குக் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், பக்கத்துக் கேஸில் (தபால் பிரிக்கும் அடுக்கில்) யார் நின்றார்கள், எல்லாவற்றையும் மறப்பதற்குள் இன்று இரவே எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு உங்கள் ஸ்டூவர்டிடம் கொடுங்கள்.