‘நேட்டிவ் பில்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஹட்டனிலிருந்து

அன்புடையீர், வணக்கம்.

நமது கணினிச் சொற்பட்டியலில் ‘ஒப்டிமைஸ்ட் பில்ட்’ என்பதற்கு நேரே ‘உகப்பாக்கிய தொகுப்பு’ என்று சேர்க்கப்பட்டிருப்பது குறித்து என் மறுப்பைத் தெரிவிக்கவே இதனை எழுதுகிறேன். உகப்பாக்கம் என்ற சொல்லில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அறிவியல் மென்பொருள் ஒன்றை மூலநிரலிலிருந்து நாமே தொகுக்கும்போது தொகுப்பான் (மூலநிரலைச் செயலி அறியும் அறிவுறுத்தல்களாக மாற்றும் கம்பைலர்) செய்யும் இரு வேறு காரியங்களை அந்தச் சொல் ஒரே போர்வையால் மூடிவிடுகிறது.

ஜிசிசி என்னும் தொகுப்பானில் ‘மார்ச்’ என்றொரு தெரிவும் (ஒப்ஷன்) ‘எம்டியூன்’ என்றொரு தெரிவும் உள்ளன. (முன்னது மாதத்தின் பெயர் அன்று, ஆர்க்கிடெக்சர் என்பதன் குறுக்கம் என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.) எம்டியூன், நாம் குறிப்பிடும் செயலியில் விரைவாக ஓடத்தக்கவாறு அறிவுறுத்தல்களைத் தெரிந்து ஒழுங்குபடுத்தும். ஆயினும் பொதுவான அறிவுறுத்தல்களுக்குள்ளேயே அது நின்றுகொள்வதால், விளையும் கோப்பு பழைய பொறியிலும் ஓடும். மார்ச் அப்படியன்று. குறிப்பிட்ட செயலிக்குத் தெரிந்த எல்லா அறிவுறுத்தல்களையும், அவற்றை வேறு செயலி அறியுமா என்று பாராமல், எழுதிக்கொள்ளத் தொகுப்பானுக்கு அது அனுமதி வழங்குகிறது.

புதிய செயலி வாங்கியவர் மூலநிரலைத் தேடிப் போவதற்கும் அந்த அனுமதியே காரணம். 64 பிற்று இன்டெல், ஏஎம்டி செயலிகள் அனைத்துக்கும் பொதுவான எஸ்எஸ்இ2 அறிவுறுத்தல்கள், செயலியின் உள்ளே எண்களை வைத்துக் கணிக்கும் 128 பிற்றுப் பதிவகத்தில் இரண்டு இரட்டைத் துல்லிய எண்களை ஒரே தடவையில் கையாளும். 2011 இல் வந்த ஏவிஎக்ஸ் நான்கையும், பின்னர் வந்த ஏவிஎக்ஸ்-512 எட்டையும் கையாளும். எல்லோருடைய கணினியிலும் ஓட வேண்டும் என்பதற்காக ஆயத்தப் பொதியாக வரும் மென்பொருள் பல வேளைகளில் இரண்டோடு நின்றுவிடுகிறது. தாயப் பெருக்கத்தில் (மேட்ரிக்ஸ்) நாட்கணக்காகக் காத்திருப்பவருக்கு மீதி ஆறு இடங்களும் சும்மா கிடப்பதைப் பொறுக்க முடிவதில்லை.

அண்மையில் பேராதனையில் ஆய்வு செய்யும் நம் பழைய மாணவர் ஒருவர், ஏஎம்டியின் ஸென் 4 வகைச் செயலி கொண்ட கணினியில் மார்ச் தெரிவுக்கு ‘நேட்டிவ்’ (தொகுக்கும் பொறியின் செயலியையே எடுத்துக்கொள்) என்ற மதிப்பைக் கொடுத்துத் தொகுத்த நிரலொன்றைப் பென்டிரைவில் எங்கள் வகுப்புக்குக் கொண்டுவந்தார். எங்களிடம் இருப்பவை கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள். நிரல் ஓடத் தொடங்கியவுடனேயே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்சன்’ (செயலி அறியாத அறிவுறுத்தல்) என்ற ஒரு வரியுடன் நின்றது. இது திருட்டுப் பிரதியா சேர் என்று பொகவந்தலாவை மாணவி ஒருத்தி கேட்டாள். செயலியின் விவரங்களைக் காட்டும் ‘எல்எஸ்சிபியு’ என்ற கட்டளையை இட்டு, செயலி அறிந்த வசதிகளைச் சொல்லும் கொடிகள் வரிசையில் ஏவிஎக்ஸ் இருப்பதையும் அதற்குப் பின் வந்த ஏவிஎக்ஸ்2 இல்லாததையும் காட்டிய பிறகே அவளுக்கு ஐயம் நீங்கியது. உகப்பாக்கியது என்று பெயர் பெற்ற ஒன்று எப்படி ஓடாமற்போகும் என்ற அடுத்த கேள்விக்கு நம் சொற்பட்டியலில் விடை இல்லை. பெயர் புகழ்கிறது, கட்டுப்பாட்டைச் சொல்லவில்லை.

‘நேட்டிவ் பில்ட்’ என்பதற்கு முன்னர் இங்கே முன்மொழியப்பட்ட ‘சுதேசத் தொகுப்பு’ என்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. தொகுப்பு எந்தப் பொறியில் பிறந்தது என்பதை அது சொல்கிறது. எங்கே ஓட உரித்துடையது என்பதே நமக்கு வேண்டியது. அவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை, இங்கே பிறந்த தோட்டத் தமிழர் பலருக்குக் குடியுரிமை மறுத்த 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் மலையகத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘பொறிப்பிணைத் தொகுப்பு’ என எண்ணிப் பார்த்தேன். பிணை என்றதும் நம் நாட்டில் நீதிமன்றமே நினைவுக்கு வருகிறது. எம்டியூனுக்கு ‘இசைத்தொகுப்பு’ என்றால் பாட்டுத் தட்டாகிவிடும். ஆகவே மார்ச் நேட்டிவ் வகைக்குத் ‘தன்பொறித் தொகுப்பு’ என்றும், எம்டியூன் செய்வதற்குப் ‘பொறியிசைவு’ என்றும் முன்மொழிகிறேன்.

பேராதனையிலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா,

பென்டிரைவுக்கு உரியவன் அடியேனே. பொறியிசைவு என்பதை முழுமனத்துடன் ஏற்கிறேன். தன்பொறி என்பது நேட்டிவ் என்ற ஒரு மதிப்புக்கு மட்டும் பொருந்தும். மார்ச் என்ற தெரிவுக்குப் பொருந்தாது என்பது என் பணிவான கருத்து.

ஸென் 4 க்கான கோப்பை வேறொரு வகைக் கணினியில் இருந்துகொண்டே தொகுக்கலாம். அங்கே தன்பொறி எது? மேலும் செயலிகளை அவை அறிந்த அறிவுறுத்தல்களின்படி வகைப்படுத்த 2020 இல் வகுக்கப்பட்ட எக்ஸ்86-64-வி3 போன்ற படிகளில் ஒன்றைக் கொடுத்தால், அந்தத் தொகுப்பு ஒரு பொறிக்கு உரியதன்று. ஏவிஎக்ஸ்2 உட்பட அந்தப் படி கேட்கும் அறிவுறுத்தல்களை உடைய எந்தப் பொறியிலும் ஓடும். எனவே மார்ச் உண்மையில் விதிப்பது, இவ்வளவாவது இருந்தால்தான் ஓடுவேன் என்ற ஓர் அடிமட்ட நிபந்தனையை. கணிதத்தில் நாம் ஏற்கெனவே பழகிய ‘கீழெல்லை’ என்ற சொல்லை எடுத்துச் ‘செயலிக் கீழெல்லை’ என்று அதனை அழைக்கலாமா?

பெயரைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்கு ஆய்வேடும் ஒரு காரணம். ஏவிஎக்ஸ்2 உடன் 2013 இல் இன்டெல் செயலிகளுக்கு வந்த எஃப்எம்ஏ அறிவுறுத்தல், பெருக்கலையும் கூட்டலையும் ஒருங்கே செய்து முடிவில் ஒரு தடவை மட்டுமே மட்டந்தட்டுகிறது. பழைய முறையில் இரண்டு தடவை. ஜிசிசி வழக்கமான அமைப்பில் இந்த இணைப்பைத் தானாகவே செய்துகொள்ளும். ஒரே மூலநிரல், ஒரே தரவு, இரு கீழெல்லைகள் என்றால் கடைசித் தசம இடங்கள் வேறுபடக்கூடும். வானிலை மாதிரி போன்ற ஒன்றில், படிமுறைகள் கூடக்கூட அந்த வேறுபாடு பெருகி, நுவரெலியாவுக்கான மழை மதிப்பீடே இரு ஓட்டங்களில் இருவிதமாக வரலாம். விடை பிழை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் எந்தக் கீழெல்லையில் தொகுத்தோம் என்று முறையியல் அத்தியாயத்தில் எழுதியே ஆக வேண்டும். ‘உகப்பாக்கிய தொகுப்பைப் பயன்படுத்தினேன்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது.

தாயக் கணக்குகளுக்கான ஓப்பன்பிளாஸ் நூலகத்தை ‘டைனமிக் ஆர்ச்’ தெரிவுடன் தொகுத்தால் பல செயலிகளுக்கான கருநிரல்கள் ஒன்றாக அடங்கி, ஓடும்போது ஏற்றது தெரிந்தெடுக்கப்படுகிறது. அதற்கும் ஒரு சொல் தேவை.

ஹட்டனிலிருந்து

அன்புள்ள தம்பி,

கீழெல்லை நன்று, என் சொல்லைவிட அது ஆழமாகப் போகிறது. ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். செயலிக் கீழெல்லை என்றால், அதற்குப் பின் வந்த செயலிகள் எல்லாவற்றிலும் ஓடும் என்று மாணவர் எண்ணிவிடுவர். இன்டெல் 11 ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் வழங்கிய ஏவிஎக்ஸ்-512 வசதியை 12 ஆம் தலைமுறையில் விலக்கிக்கொண்டது. முன்னதற்கென்று தொகுத்த நிரல், பின்னது புதிய செயலியாயிருந்தும் அதில் நின்றுவிடக்கூடும். எல்லை இருப்பது செயலியின் வயதில் அன்று, அது அறிந்த அறிவுறுத்தல்களில். ஆகவே ‘அறிவுறுத்தற் கீழெல்லை’ என்று முழுமையாகவே வைப்போம். வகுப்பில் கீழெல்லை என்று சுருக்கிக்கொள்ளலாம்.

தன்பொறித் தொகுப்பைக் கீழ்வரும் விளக்கத்துடன் துணைச்சொல்லாக விட்டுவைக்கலாம்: ‘அறிவுறுத்தற் கீழெல்லையைத் தொகுக்கும் பொறியின் அளவுக்கே உயர்த்திச் செய்த தொகுப்பு, அவ்வறிவுறுத்தல்கள் இல்லாத பொறியில் ஓடாது.’ ஓப்பன்பிளாஸ் செய்வதற்கு ‘ஓடுநேரத் தெரிவு’ என்று இப்போதைக்கு எழுதிவைக்கிறேன். தெரிவு என்ற சொல்லையே தொகுப்பானின் தெரிவுகளுக்கும் வழங்குகிறோம் என்பதால் அது எனக்குத் திருப்தி தரவில்லை. நல்ல சொல் உடையவர்கள் பட்டியலில் நேரடியாகவே மாற்றிவிடுங்கள்.