வெல்டு சுத்தம், ஃபர்னஸ்ல இருந்து வந்ததும் விரிசல்: ராடு ஈரமா, பிளேட்டே அப்படியா?

குன்னூர்_ஸ்பார்க்:
ஹை டென்சைல் பிளேட், குவென்ச் டெம்பர் பண்ண வகை (சூடாக்கி சட்டுனு குளிரவெச்சு, திரும்ப மிதமா சூடாக்கினது). லக் (காது மாதிரி துண்டு) வெச்சு வெல்டு அடிச்சோம், ரெண்டு நாள் கழிச்சு டை டெஸ்ட்ல (சாயம் பூசி விரிசல் தேடுறது) ஒண்ணும் இல்ல. பார்ட்டி ஸ்ட்ரெஸ் ரிலீவ் (வெல்டுல தங்கின இழுவைய சூடாக்கி இறக்குறது) கேட்டாங்கன்னு ஃபர்னஸ்ல 600 டிகிரியில போட்டு எடுத்தா வெல்டு டோ (வெல்டு பிளேட்டோட சேர்ற இடம்) ஓரமா முடி மாதிரி விரிசல். ஏன்?

ஊட்டி_மூடுபனி:
ராடுதாங்க, வேற என்ன. நம்ம ஊர் பனியில 7018 ராடு (ஹைட்ரஜன் கம்மியான வகை) பாக்கெட்ட பிரிச்சு வெச்சாலே ஈரம் இழுத்துக்கும், அந்த ஹைட்ரஜன்தான் இது. ராட அடுப்புல சூடாக்கி ஈரம் போக பேக் பண்ணீங்களா?

கோத்தகிரி_பட்டறை:
இல்லீங்ணா. ஹைட்ரஜன் விரிசல் வெல்டு ஆறினப்புறம் பெரும்பாலும் ரெண்டு நாளுக்குள்ள வந்துடும். இது ரீஹீட் கிராக், அதாவது வெல்ட திரும்ப சூடேத்துறப்ப வர்ற விரிசல். பிளேட் சர்டிபிகேட்ட எடுத்து குரோமியம் சதவீதத்தோட, மாலிப்டினத்த 3.3ஆல பெருக்கினதையும் வெனேடியத்த 8.1ஆல பெருக்கினதையும் கூட்டி 2 கழிங்க, பூஜ்யத்துக்கு மேல வந்தா ஆபத்து. 0.5, 0.5, 0.06னு இருந்தா 0.64 வருது பாருங்க. வெல்டு பக்கத்துல கிரெய்ன் (ஸ்டீலுக்குள்ள இருக்குற குட்டிப் படிகம்) பெருத்துப் போயிருக்கும், சூடேத்துறப்ப அதுக்குள்ள வெனேடியம் கார்பைடு படிஞ்சு உள்ள கெட்டியாயிடும், அப்ப ஸ்ட்ரெஸ் இறங்குற இழுவை முழுக்க கிரெய்ன் ஓரத்துல விழுந்து அங்கதான் பிளக்கும்.

ஊட்டி_மூடுபனி:
கணக்கு சரி, ஆனா டை மேல தெரியுறத மட்டும்தானே காட்டும்? அடியில ஏற்கனவே இருந்தது ஃபர்னஸ்ல வாய் தொறந்திருக்கலாம். அல்ட்ராசோனிக் பாத்தீங்களா?

குன்னூர்_ஸ்பார்க்:
அதுக்கு பார்ட்டி காசு தரல. ராடு 350ல பேக் பண்ணதுதான், பிரீஹீட்டும் (வெல்டுக்கு முன்ன பிளேட்ட சூடாக்குறது) குடுத்தோம்.

கோத்தகிரி_பட்டறை:
அண்ணா கேட்டது நியாயம். ஒரு துண்டு வெட்டி பாலிஷ் பண்ணி மைக்ரோஸ்கோப்ல பாருங்க, கிரெய்ன் ஓரத்தையே புடிச்சுட்டு போயிருந்தா நான் சொன்னதுதான். எப்படியோ, கோட் (வெல்டிங் விதிப் புத்தகம்) கட்டாயம்னு சொல்லலைன்னா இந்த மாதிரி பிளேட்டுக்கு ஸ்ட்ரெஸ் ரிலீவே வேணாம், மைல்ட் ஸ்டீல் பழக்கத்துல எல்லாத்தையும் ஃபர்னஸ்ல தள்றது ஒரு வியாதி. பண்ணியே ஆகணும்னா முதல்ல டோவ கிரைண்ட் பண்ணி வழவழன்னு ஆக்குங்க, ஹீட் இன்புட்ட (வெல்டு அடிக்குறப்ப உள்ள போற சூடு) குறைங்க, அடுத்த லேயர் முன்ன அடிச்சதோட பெரிய கிரெய்ன பொடியாக்குற மாதிரி டெம்பர் பீட் வைங்க, பிளேட்ட விட ஸ்ட்ரெங்த் கம்மியான ராடு போடுங்க.

ஊட்டி_மூடுபனி:
கம்மி ராடுக்கு டிசைன் பண்ணவர் ஒத்துக்கணுமே, அவர கேக்காம கை வைக்காதீங்க. விரிசல் பயத்துல பிரீஹீட்ட கண்டபடி ஏத்திடாதீங்க, பிளேட்டோட டஃப்னெஸ் (உடையாம தாங்குற குணம்) போயிடும். ராடு ஈரம்ங்கிறத நான் இன்னும் விடல, துண்டு வெட்டி பாத்துட்டு போட்டோ போடுங்க.

குன்னூர்_ஸ்பார்க்:
சர்டிபிகேட் கேட்டிருக்கேன். துண்டு கோயமுத்தூர் லேபுக்கு அனுப்புறேன், அதுவரைக்கும் மிச்ச லக் எதுவும் ஃபர்னஸுக்கு போகாது.