வெள்ளம் புகுந்த ஊர்க் கிணறு: எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

கேள்வி: பள்ளிகொண்டா பக்கம், பாலாற்றங்கரை கிராமம். குடிநீர்க் கிணற்றில் வெள்ளம் இறங்கிவிட்டது. விட்டம் 4 மீட்டர், தண்ணீர் 5 மீட்டர். எவ்வளவு பவுடர் போடணும்?

பதில் 1: முதலில் கலங்கல் போக இறைங்க, சேற்றிலேயே பவுடரில் இருக்கும் குளோரின் தீர்ந்துபோகும். ஆனால் ஒரேயடியாக வற்றடிக்காதீங்க, ஈரம் ஊறிய கரை சரியும்.

3.14 × 2 × 2 × 5 = 62.8 கன மீட்டர், அதாவது சுமார் 63,000 லிட்டர். 1000 லிட்டருக்கு 5 கிராம் என்றால் 315 கிராம். வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். கூழாகக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடுங்க. தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டணும். அடியில் தங்கும் சுண்ணாம்பு உள்ளே போனால் தண்ணீர் கடினமாகும். 1 மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சணும். மிஞ்சவில்லையா, மறுபடி போடுங்க.

பதில் 2: பவுடர் மூட்டை எப்போது பிரித்தது? காற்றும் ஈரமும் பட்டால் வீரியம் இறங்கிவிடும், கணக்கே தப்பும். மேல்நிலைத் தொட்டிச் சேற்றையும் வழித்தெடுங்க. கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் வரும்வரை திறந்துவிடணும்.

பதில் 3: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்கள் கவனிக்கணும்: குளோரின் கிருமியைத்தான் கொல்லும். தோல் பதனிடும் ஆலைக் கழிவின் உப்பும் குரோமியமும் அப்படியே இருக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மாதிரி கொடுங்க. முடிவு வரும்வரை லாரித் தண்ணீர்தான்.