எஃப்ஆர்ஆர் பயிற்சி: பாதை வந்து சேர்ந்தும் கிளிநொச்சி ஏன் அதை எடுக்கவில்லை?

விசுவமடு மாணவி:
வணக்கம். வீட்டிலிருந்தே பிஜிபி (வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று பாதைகளை அறிவிக்கும் முறை) படித்துவருகிறேன். என்னிடம் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிகணினி. பக்கெட் ட்ரேசர் என்ற வலையமைப்புப் பயிற்சி மென்பொருளில்தான் தொடங்கினேன். அதில் ஐபிஜிபி (ஒரே வலையமைப்பின் ரவுட்டர்களுக்கிடையிலான பிஜிபி) ஓடாது என்று தெரிந்ததும் லினக்ஸுக்கு மாறி, கணினியையே ரவுட்டராக்கும் எஃப்ஆர்ஆர் மென்பொருளைக் கைத்தொலைபேசி டேட்டாவில் இறக்கினேன். ஒருமுறை இறக்கினால் போதும். பிறகு இணையம் இல்லாமலே இரவிரவாகப் பழகலாம்.

மூன்று ரவுட்டர்களுக்கும் ஏ9 வீதியின் வரிசையிலேயே கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று பெயர் வைத்தேன். முதலிரண்டும் ஏஎஸ் 64512 (ஏஎஸ் என்பது ஒரே நிர்வாகத்தின் வலையமைப்பு), இடையில் உள்வழிகளைப் பகிர ஓஎஸ்பிஎஃப். வவுனியா ஏஎஸ் 64513. மாங்குளத்தையும் வவுனியாவையும் இணைப்பது 198.51.100.0/30 என்ற சிறு முகவரித் தொகுதி.

முதல் இரண்டு நாளும் "ஆக்டிவ்" என்று காட்டியதை இணைப்பு வந்துவிட்டது என்றே எண்ணியிருந்தேன். ரவுட்டர் இன்னும் படலையைத் தட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். அயல் ரவுட்டரின் முகவரியில் ஓர் இலக்கம் பிழை. அதைத் திருத்திவிட்டேன்.

இப்போது வவுனியா அறிவிக்கும் 203.0.113.0/24 மாங்குளத்தில் ஒழுங்காக இருக்கிறது. கிளிநொச்சிக்கும் வருகிறது. ஆனால் சிறந்த பாதைக்குரிய > அடையாளம் அங்கே இல்லை. பிஜிபி அமர்வு "எஸ்டாப்ளிஷ்ட்" (இணைப்பு வந்துவிட்டது) என்றே காட்டுகிறது. கட்டளையை மட்டும் தராமல் காரணத்தையும் சொல்லுங்கள்.

ஓமந்தை அண்ணா:
தங்கச்சி, கிளிநொச்சியில் அந்த முகவரியை மட்டும் விரித்துப் பாருங்கள். நெக்ஸ்ட் ஹாப் (அடுத்துப் போக வேண்டிய ரவுட்டரின் முகவரி) 198.51.100.2 என்றும், அதை எட்ட முடியவில்லை என்றும் இருக்கும். ஐபிஜிபியில் பாதையைக் கொடுக்கும்போது மாங்குளம் நெக்ஸ்ட் ஹாப்பை மாற்றாது, வவுனியா சொன்னதை அப்படியே ஒப்படைக்கும். அந்த /30 உங்கள் ஓஎஸ்பிஎஃப்பில் இல்லை. முல்லைத்தீவுக்குப் போகிறவரிடம் "ஒட்டுசுட்டானில் விசாரியுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஒட்டுசுட்டானுக்கு எந்தச் சந்தியில் திரும்புவது என்று சொல்லாமல் விட்டதுபோலத்தான்.

மாங்குளத்தில் கிளிநொச்சியை நோக்கி நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் (நெக்ஸ்ட் ஹாப்பாகத் தன் முகவரியையே சொல்வது) போடலாம். அல்லது அந்த /30ஐ ஓஎஸ்பிஎஃப்பில் சேர்க்கலாம். நான் முதலாவதையே செய்வேன். வெளியாரோடு உள்ள இணைப்பின் முகவரி நம் உள்வலையமைப்பில் திரிய வேண்டியதில்லை. நீங்கள் இரண்டையும் தனித்தனியே செய்து, ஒவ்வொரு முறையும் நெக்ஸ்ட் ஹாப் என்னவாகிறது என்று கொப்பியில் எழுதுங்கள்.

விசுவமடு மாணவி:
எழுதினேன் அண்ணா. > வந்துவிட்டது, காரணமும் விளங்கிவிட்டது. ஆனால் கிளிநொச்சி அறிவிக்கும் 192.0.2.0/24இல் உள்ள 192.0.2.1இலிருந்து 203.0.113.1க்கு பிங் போட்டால் பதில் இல்லை. வவுனியாவில், வந்துபோகும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பார்த்தேன். கேள்வி வந்து சேர்கிறது, பதில் புறப்படவே இல்லை.

மன்னார் அக்கா:
சரியான இடத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். போகும் வழி இருக்கிறது, திரும்பும் வழி இல்லை. மாங்குளத்தில் பிஜிபி சுருக்கத்தை எடுத்து, வவுனியாவுக்கு அனுப்பிய பாதைகளின் நிரலைப் பாருங்கள். எண்ணுக்குப் பதிலாகப் "பொலிசி" என்று இருந்தால், அந்தத் திசைக்கு நீங்கள் வடிகட்டி (எந்தப் பாதையை விடலாம் என்ற விதி) எழுதவில்லை. ஈபிஜிபியில் (வெவ்வேறு ஏஎஸ்களுக்கிடையிலான பிஜிபி) வடிகட்டி எழுதாதவரை எதையும் ஏற்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது என்பது 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம். எஃப்ஆர்ஆரின் புதிய பதிப்புகள் இதை இயல்பாகவே கடைப்பிடிக்கின்றன.

இந்தக் காவலை அணைக்கும் ஒற்றை வரியைப் பலர் தருவார்கள். பயிற்சிதானே என்று தயவுசெய்து அதைப் போடாதீர்கள், கை பழகிவிடும். 2008 பெப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகொம் தன் நாட்டுக்குள் யூடியூபை மறிக்கப் போட்ட 208.65.153.0/24 என்ற பாதை வெளியே கசிந்தது. மேலேயிருந்த நிறுவனம் வடிகட்டாமல் அதை ஏற்றுப் பரப்பியதால் உலகின் பல பகுதிகளில் யூடியூப் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை.

192.0.2.0/24ஐ மட்டும் அனுமதிக்கும் பட்டியலை மாங்குளத்தில் வெளிநோக்கியும் வவுனியாவில் உள்நோக்கியும் எழுதுங்கள்.

விசுவமடு மாணவி:
அதேதான் அக்கா! வவுனியாவிலிருந்து வரும் திசைக்கு மட்டும் எழுதியிருந்தேன். மற்றத் திசைக்கும் எழுதியதும் பதில் வந்தது, டிடிஎல் (கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண்) 63. 64இல் புறப்பட்டதை மாங்குளம் ஒன்று குறைத்திருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கு எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்துக் கிளிநொச்சிக்குப் பின்னால் பரந்தனை 64512இல் சேர்க்கப் போகிறேன். பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் இடையே தனியாக ஐபிஜிபி அமர்வு வேண்டுமா?

ஓமந்தை அண்ணா:
வேண்டும். ஓர் ஐபிஜிபி அயலவரிடம் கேட்டதைக் கிளிநொச்சி இன்னோர் ஐபிஜிபி அயலவருக்குச் சொல்லாது. முதலில் அந்த அமர்வு இல்லாமல் கட்டி, பரந்தனில் என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.